ஈர மண் ஒட்டிய கல்

அன்பு மகனுக்கு,

உன் மேல் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம்தான். உன் கடிதம் போன வாரம் வந்தது. யார் யாரை அழைப்பது, பெண் வீட்டார் எந்த பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், பந்தலுக்கு யாரிடம் சொல்வது என்பதெல்லாம் முதல் பக்கத்தில் இருந்தது. கல்யாண மாப்பிள்ளைக்கு இருக்கிற அவசரத்தைப் பார் என்று சிரித்துக்கொண்டேதான் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "கல்யாணம் முடிந்த கையோடு பாறைக்கொட்டாய் போகப் போகிறேன் அம்மா. அத்தா ஆரம்பத்தில் செய்த மாதிரியே ஒவ்வொருவரிடமும் தனியாக, துண்டுக்குள் கை போட்டுப் பேசி வாங்கப் போகிறேன். மழைக்காலத்திலும் வாங்குவேன். குழி எங்கே இருக்கிறது, யார் இறங்குகிறார்கள் என்பதெல்லாம் நமக்கு எதற்கு? கல் நல்ல கல்லா என்று பார்த்தால் போதாதா?" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, "நீங்கள் கூட வர வேண்டாம், அம்மாவுக்கு வாய் நிற்காது என்று அங்கே இன்னும் சொல்கிறார்களாம்" என்று வேறு ஒரு வரி. அந்த வரிக்குக் கோபப்படவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் எதற்கு, கோபப்பட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதை உன்னிடம் நேரில்தான் சொல்ல வேண்டும். ஆனால் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் தனியாகப் பிடிப்பது நடக்கிற காரியமா? டிரங்க் காலில் பேசினால் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிலிருந்து நீ யாருக்காகக் கல் வாங்கப் போகிறாயோ அந்தப் பெங்களூர் முதலாளி வரைக்கும் கேட்பார்கள். அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தான், கஷ்டப்பட்டாவது கடைசி வரை படி. உன் அத்தாவைப் பற்றி நீ வைத்திருக்கிற நினைப்பில் நான் கை வைக்கப் போகிறேன். அவர் மௌத்தாகி ஒரு வருடம் முடிந்துவிட்டது. இருக்கும்போது அவரே உன்னிடம் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

அந்த நாட்களில் நீ சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வருவாய், பிரியாணி சாப்பிடுவாய், கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போவாய். நானும் அத்தாவும் வாரத்தில் ஒரு நாள் பென்னாகரம் போய், ஏரியூர் பஸ் பிடித்து, அதற்கப்புறம் மண் பாதையில் பாறைக்கொட்டாய்க்கு நடந்தோம் என்பது உனக்குக் கதையாகத்தான் தெரியும். அந்தச் சனங்களுக்குக் கேழ்வரகு விளைந்தால் விவசாயம், விளையாவிட்டால் கல். மூக்குத்திக்கும் தோட்டுக்கும் போகிற சிவப்புக் கல். கெம்பு என்று சொல்லித்தான் வாங்குவோம், விற்போம். அதில் உசத்தியானது எப்போதாவது ஒன்று அகப்படும். மழை பெய்து மண் கழுவினால் காக்காப்பொன் மினுக்கும், அந்த மினுக்கைப் பார்த்து இடம் பிடிப்பார்கள். கிணறு மாதிரி ஆள் உயரத்துக்கு இறங்கி, அடியில் பக்கவாட்டில் எலி வளை மாதிரி குடைந்துகொண்டே போவார்கள். நல்ல இடம் என்று பட்டால் அண்ணனுக்குத் தம்பி சொல்ல மாட்டான். குழி வாயில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டு மூடிவிட்டு, ஒற்றை ஆளாக இறங்குவதுதான் அங்கே வழக்கம். உள்ளே போன பிறகு ஒரு கையை வெளியே நீட்டி முள்ளை இழுத்துத் தலைக்கு மேலே மூடிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி சாதாரணமாகச் செய்வார்கள்.

விலை பேசுவதும் அப்படித்தான், எல்லாம் மூடுமந்திரம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் பேசுவதை நீ பார்த்திருப்பாய். துண்டுக்குள் இரண்டு கைகள், விரலைப் பிடித்தால் ஒரு விலை, அழுத்தினால் இன்னொரு விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. யாரிடம் வாங்கினோம், எந்த மண்ணில் எடுத்தது, என்ன கொடுத்தோம் என்பதெல்லாம் துண்டை உதறியதும் மறந்துவிட வேண்டும். அது வியாபாரியின் வாக்கு. உன் அத்தா அந்த வாக்கில் கெட்டி. ஆனால் அங்கே குழியில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். உடம்பு ஒல்லி, வளைக்குள் நுழைந்துவிடுவார்கள். அவர்கள் எடுத்த கல்லை விற்க மட்டும் புருஷனோ கொழுந்தனோ வர வேண்டும், ஏனென்றால் அந்நிய ஆம்பளை கைக்குள் கை வைக்க முடியாதே. வந்த காசு சாராயக் கடைக்குப் போகும், வீட்டுக்கு வராது. இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் அத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். என் வெள்ளைத் துப்பட்டியின் முனையை விரிப்பேன். பெண்கள் வந்து கை கொடுப்பார்கள். காசு அவர்கள் மடியில் விழும். நியாயமாக வாங்குவது என்று இப்போது உன் முதலாளி பேசுகிறாரே, அதை நாங்கள் இப்படித்தான் தொடங்கினோம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மாதம்மாள் என் துப்பட்டிக்குள் முதலில் கை நீட்டியவள். புருஷன் குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய் வருஷத்துக்கு ஒரு முறை தலை காட்டுகிறவன். ஒரே மகள், பச்சியம்மா, அப்போது சத்துணவுக்காகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயசு. மாதம்மாளுக்கு வாய்த் துடுக்கு. முதல் நாளே என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னா பாயம்மா, கை இத்தினி மெத்துன்னு இருக்குது? வூட்டுல ஒரு வேலையும் செய்ய மாட்டீங்களா? பாய் பாவம்ங்க," என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் அத்தா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். விலை பேசும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நான் சொன்ன விலை பிடிக்கவில்லை என்றால் நகத்தால் என் உள்ளங்கையில் ஒரு கிள்ளு. கோபத்துக்கும் அதே கிள்ளுதான், சந்தோஷத்துக்கும் அதேதான். கொஞ்ச நாளில் எங்களுக்குள் விலைப் பேச்சு குறைந்து ஊர்ப் பேச்சு கூடிப்போனது. கையைத் துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டே கதை பேசுவோம். எங்கே தோண்டுகிறாள் என்பதை அப்படித்தான் ஒரு நாள் சொன்னாள். ஊருக்குக் கிழக்கே ஒருவரின் கரம்புக் காடு, அதில் ஒரு புங்க மரம், அந்த மரத்து வேருக்குக் கீழே. அந்த நிலக்காரர் பொல்லாதவர், முன்பே ஒரு முறை ஆட்களைப் பிடித்துப் போலீஸில் கொடுத்தவர். "உங்க காதோட போவட்டும் பாயம்மா. வெளிய தெரிஞ்சா என் பொழப்பு போச்சு," என்றாள். நான் அவள் கையை அழுத்தினேன். வீட்டுக்கு வந்து அத்தாவிடம் மட்டும் சொன்னேன்.

அந்த ஐப்பசியில் விடாமல் மழை. நாங்கள் போன அன்று காலையில்தான் வெறித்திருந்தது. ஊருக்குள் நுழையும்போதே ஒரு மாதிரி இருந்தது. விடியுமுன்னே போன மாதம்மாளைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஆம்பளைகள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக அலைந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவர்கள் தேடிய விதத்தை இன்னொரு ஊரில் பார்க்க முடியாது. ஒருவன் முள் புதர் ஒன்றைக் காட்டி, "இங்க வேணாம், இத நான் பாத்துட்டேன், ஓடைப் பக்கம் போங்க," என்றான். இன்னொருவன் வேறு ஒரு மேட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டு அதையே சொன்னான். மாதம்மாளின் கொழுந்தன் மாதையன்கூட, அண்ணியைக் காணோம் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே, தன் குழி இருக்கிற பக்கம் யாரும் போகாதபடி ஆட்களைத் திருப்பிக்கொண்டிருந்தான். கெட்டவர்கள் இல்லை கண்ணு. தன் குழியில் அவள் இல்லை என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். பிறகு எதற்குக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொருவனும் நினைத்தான். இப்படி ஆளாளுக்குத் தள்ளித் தள்ளி, ஊர் மொத்தமும் மேற்கே ஓடைக்கரையில் போய் நின்றது. அவள் இருந்ததோ கிழக்கே.

நான் அத்தாவைப் பார்த்தேன். அவர் மற்றவர்களுக்குத் தெரியாத மாதிரி, வேண்டாம் என்று தலையை அசைத்தார். பக்கத்தில் போனேன். "அவளே வந்துருவா. மழைக்கு எங்கியாவது ஒதுங்கியிருப்பா. நாம சொன்னா நாளைக்கு அவளால இந்த ஊர்ல இருக்க முடியாது. வாக்குக் குடுத்திருக்கோம்," என்றார். அவர் குரலில் வஞ்சனை இல்லை. தன் வியாபாரத்தைக் காப்பாற்ற அவர் அப்படிச் சொல்லவில்லை, அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். நானும் பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. ஓடைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், யாரோ டீ போட்டார்கள், எல்லோரும் குடித்தார்கள், எனக்கும் ஒரு டம்ளர் வந்தது, குடித்தேன். அப்போது கூட்டத்தில் ஒருவன், "குடகுல இருக்கறவன் எப்ப வருவான்னு எத்தினி நாளைக்குக் காத்திருப்பா? எவன் கூடவாவது பஸ் ஏறியிருப்பா," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். "கிழக்கால புங்க மரத்துக்குக் கீழ இருக்கா! போய்ப் பாருங்கடா!" என்று நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்துகிற மாதிரி கேட்டது. உன் அத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

முள்ளை அகற்றினால் குழி இருந்தது, வளை இல்லை. மண் உட்கார்ந்துவிட்டிருந்தது. தோண்டத் தோண்டச் சரிந்தது. முதலில் வந்தது கை. வலது கை மட்டும் மண்ணுக்கு மேலே, வேரைப் பிடிக்கப் பார்த்த மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. உடம்பை எடுக்க இன்னும் நேரமாகும் என்று தெரிந்ததும் நான் இறங்கிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை மாதம் பிடித்த கை, ஆனால் துணிக்குள்ளேயே பிடித்ததால் நான் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. கட்டை விரலில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. நகங்களெல்லாம் மழுங்கிப்போயிருந்தன. வெளியே எடுத்து வைத்த பிறகு பெரியவர்கள், "விடியங்காட்டியே உசுரு போயிருக்கும், இப்ப என்னா பண்றது," என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஈர மண், மழைக் குளிர். அந்தக் கை சூடாக இருந்தது கண்ணு. நான் பிடித்தபோது சூடாக இருந்தது. அதை உன் அத்தாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவரும் அந்தக் கையைத் தொட்டார்.

அடுத்த வாரமே நிலக்காரர் டிராக்டர் விட்டுக் கிழக்குக் காட்டில் இருந்த எல்லாக் குழிகளையும் மூடிவிட்டார். மாதம்மாளுடையது மட்டும் இல்லை, அங்கே இன்னும் பலர் திருட்டுத்தனமாகத் தோண்டியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. பாதி ஊரின் பிழைப்பு போயிற்று. பழி யார் மேல் விழுந்தது என்று நினைக்கிறாய்? "பாயம்மா வாயத் தொறந்தாங்க, ஊரு சோத்துல மண்ணு விழுந்துச்சு" என்றார்கள். அதற்கப்புறம் பெண்கள் என் துப்பட்டிப் பக்கமே வரவில்லை. உனக்கு வந்து சேர்ந்த பேச்சு அதுதான். உன் அத்தாவை மட்டும் கட்டில் போட்டு உட்கார வைத்து, "பாய் கடைசி வரைக்கும் யாரையும் காட்டிக் குடுக்கல, ஆம்பளைன்னா அப்படி இருக்கோணும்" என்றார்கள். குடகிலிருந்து வந்த மாதம்மாளின் புருஷனிடம் அவர் உண்மையைச் சொல்லப் பார்த்தார். "எனக்கு முன்னமே தெரியும், தெரிந்தும் நின்றேன்" என்று சொல்லி அழுதார். அந்த மனுஷன் இவர் தோளைத் தட்டிக்கொடுத்து, "நீங்க நல்லது நெனச்சுத்தானுங்க பாய் செஞ்சீங்க," என்றான். திட்டியிருந்தால் அத்தா பிழைத்திருப்பார். பஸ்ஸில் வரும்போது, "ஒருத்தனாவது என் மூஞ்சில துப்பக் கூடாதா?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் தோளில் துண்டு போடவில்லை. ஒரு பெருநாளைக்கு நீ சேலத்திலிருந்து நல்ல துண்டு ஒன்று வாங்கி வந்தாய், நினைவிருக்கிறதா? உஷ்ணமாக இருக்கிறது, வேண்டாம் என்றார். உனக்கு முகம் வாடிவிட்டது. என்னிடம் வந்து, அத்தாவுக்கு என்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்டாய்.

நீ பெருமையாகச் சொல்லிக்கொள்கிற எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. முள் போட்டு மூடிய குழியில் எடுத்த கல்லை வாங்க மாட்டேன் என்றார். குழி வாயில் கயிற்றோடு ஒரு ஆள் நிற்க வேண்டும், நிற்கிறவனுக்கும் கல்லில் பங்கு உண்டு என்றார். விலையை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னார். ஈர மண் ஒட்டிய கல்லைக் கொண்டு வந்தால் கையால் தொடவும் மாட்டார். மழையில் இறங்கி எடுத்த கல் என்றால் எவ்வளவு நல்ல கல்லானாலும் திருப்பி அனுப்பினார். சொல்லிவிட்டால் ஆயிற்றா? மழைக்காலத்தில் அவர்கள் என்ன தின்பார்கள்? அதற்காகத்தான் கொட்டகை. திருச்சியிலிருந்து பட்டை தீட்டுகிற மாஸ்டர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்து, நான்கு சாணை போட்டு, குச்சி முனையில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டி எப்படிப் பிடிப்பது என்று பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வெயிலில் எடுத்ததை மழையில் தீட்டுவது என்று கணக்கு. முதலில் யாரும் வரவில்லை. வேறு வியாபாரிகள் ஏரியூரில் உட்கார்ந்து ஈரக் கல்லைத் துண்டுக்குள் வாங்கிக்கொண்டு போனார்கள். நம் வியாபாரம் படுத்தேவிட்டது. வந்த சிலர் தீட்டிய கல்லும் எல்லாம் கோணல். சேலத்துக் கடைக்காரர் ஒருவர் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "பாய், இது கல்லா, யாராச்சும் கடிச்சு வெச்ச கல்கண்டா?" என்று கேட்டார். அத்தா அதையும் வாங்கினார். கெட்டுப்போன கல்லைக் கெட்டுப்போனது என்று சொல்லிவிட்டு, கூலியைக் கொடுத்து, அடுத்ததைக் கையில் கொடுப்பார். பச்சியம்மாவைப் பள்ளிப் படிப்பு முடியுமட்டும் கொட்டகைப் பக்கம் சேர்க்கவில்லை. முடித்த பிறகுதான் சாணையில் உட்கார வைத்தார். அவள் இப்போது மாஸ்டர் இல்லாமலே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறாள்.

இதெல்லாம் பிராயச்சித்தமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் பேரைச் சொல்லி ஊரே கும்பிட்டது, அந்தக் கும்பிடு ஒவ்வொன்றும் அவருக்கு அடியாக விழுந்தது. நானோ வாய் நிற்காதவள் என்ற பெயரோடு இருந்தேன், இருக்கிறேன். அதை மாற்ற நான் ஆசைப்படவில்லை. சொன்னதற்காக எனக்கு வருத்தமே கிடையாது. அந்த டீயைக் குடித்தேனே, அதுதான் என்னை விடவில்லை. உன் அத்தா இருந்த நாளில் வளையல்காரி கையைப் பிடித்து அமுக்கினால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன். அவள் ஏதோ வலிக்கிறது என்று நினைத்து எண்ணெய் தடவுவாள். மழை பிடித்தால் என் வலது உள்ளங்கையில் ஒரு கிள்ளு விழுகிறது. டாக்டர் நரம்பு என்றார், மாத்திரை கொடுத்தார், சாப்பிடுகிறேன். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கிள்ளு கோபத்துக்கா, வேறு எதற்காவதா என்று அவளையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நிக்காஹ்வில் பெண்ணின் அத்தா உன் கையைப் பிடிப்பார். சிலர் அதற்கு மேலே துணி போடுவார்கள். நீ மட்டும் போட விடாதே. திரைக்குப் பின்னால் இருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன், என்னால் தாங்க முடியாது.

இனி உன் காரியம். உன் ஏற்பாட்டை நீ மாதையன் மூலம் ஊருக்குச் சொல்லி அனுப்பியது என் காதுக்கும் வந்தது. அதனால் முந்தாநாள் முழங்காலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நானே போனேன். உன்னைப் பற்றிப் புகார் சொல்லப் போகவில்லை. பச்சியம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்கத்தான் போனேன். கொட்டகையில் சாணையை நிறுத்திவிட்டு வந்து, எனக்கு மோர் கொடுத்தாள். உன் கல்யாணத்துக்கு என்ன சேலை கட்டுவது என்று கேட்டாள். பிறகு அவளாகவே, "பாய் மவன் வராருன்னா நாங்க எறங்கறோம் பாயம்மா. மழையா இருந்தா என்னா? அவங்க அப்பா மாதிரிதான இருப்பாரு," என்றாள். "யாரு இறங்கறது?" என்று கேட்டேன். "வேற யாரு? நான்தான். எனக்குத்தான் ஒடம்பு சின்னது, வளைக்குள்ள பூந்துருவேன். எங்க தோண்டுறோம்னு வெளிய தெரியக் கூடாதுன்னு மாதையன் சித்தப்பா சொன்னாரு, யாருக்கும் தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு அவள் அம்மாவின் சிரிப்பு. கூலி என்ன, விலை என்ன, கயிறு பிடிக்க ஆள் உண்டா, எதையும் அவள் கேட்கவில்லை. உன் அத்தாவின் பெயர் ஒன்றே அவளுக்குப் போதும். அந்தப் பெயரை வைத்துத்தான் அவளை நீ உள்ளே இறக்கப் போகிறாய்.

உன்னைச் சம்பாதிக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? புதுப் பெண்ணோடு குடித்தனம் வைக்கப் போகிறவன், நாலு காசு பார்க்க வேண்டும். உன் முதலாளியைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு வா. தீட்டிய கல்லை வாங்கட்டும், கோணல் கல்கண்டுக் காலம் எப்போதோ போய்விட்டது. அவர் அவசரப்பட்டால், மழை நிற்கும் வரை பொறுக்கச் சொல். பொறுக்க மாட்டேன் என்றால் வேறு முதலாளியைப் பார். இதையெல்லாம் நீ கேட்பாயோ மாட்டாயோ, கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா சொல்வது பாதிதான் காதில் ஏறும். ஆகவே, நீ உன் ஏற்பாட்டின்படியேதான் செய்யப் போகிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதிப் போட்டுவிட்டுப் பந்தலுக்குச் சொல். பச்சியம்மா இதை உன்னிடம் ஒருநாளும் கேட்க மாட்டாள், அதனால் நான் கேட்கிறேன். மழை பெய்துகொண்டிருக்கும், அவள் உள்ளே இருப்பாள், எங்கே என்று யாருக்கும் தெரியாது. அப்போது நீ எங்கே இருப்பாய்?

அம்மா